சரிந்த நாளில் வாங்க வந்தவர்கள்

கோட்டைமேடு, கோவை
4 ஏப்ரல் 2020

மச்சானுக்கு, சித்திகாவின் ஸலாம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். பதறாதீர்கள், வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமிக்குச் சர்க்கரை மாத்திரை கையிருப்பு இருக்கிறது. உங்கள் மகள் ரம்ஷா ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த தெம்பில் உச்சி வெயில் வரைக்கும் தூங்குகிறாள். திருமலைசாமி அண்ணன் தோட்டத்திலிருந்து நீங்கள் கொடுத்தனுப்பிய கதலித் தாரை வாழைக்காய் வண்டி அன்புமணி தகரத்துக்கு மேலே தூக்கிக் கொடுத்தார். நம் தெருவை இரண்டு பக்கமும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? பாலும் காயும் அதற்கு மேலேதான் வருகின்றன. இந்தக் கடிதமும் அப்படியே போகட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். நீங்கள் கூப்பிட்டதும் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். கொழுந்தனார், அவர் மனைவி, பிள்ளைகள் என்று மொத்த வீடும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. "சாப்ட்டியா" என்று நீங்கள் என்னைக் கேட்டால் கூடமே சேர்ந்து "சாப்ட்டாச்சு" என்கிறது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால் உங்களிடம் இருப்பது பட்டன் போன். நல்ல போன் வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றது யார்?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அத்தா வீட்டை விற்றதில் என் பங்காக வந்த பணம் ஜனவரியிலிருந்து பாங்கில் சும்மா கிடக்கிறது. வட்டி வேண்டாம் என்று நடப்புக் கணக்கில் போட்டேன். "அது உன்னுது, அதுல நான் வாயே தொறக்க மாட்டேன்" என்று நீங்கள் சொன்னீர்கள், சொன்னபடியே இருந்தீர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. என் அக்காள் வீட்டில் கதை வேறு. செல்வபுரம் பக்கம் நமக்கென்று ஒரு சின்ன வீடு வாங்கவேண்டும் என்பது நம் இரண்டு பேரின் ஆசை. அதற்கு இந்தப் பணம் போதாது.

இப்போது பங்குச் சந்தை தலைகுப்புறக் கிடக்கிறது. ஜனவரியில் இருந்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். கொரோனா பயத்தில் எல்லோரும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஓடுகிறார்கள். நான் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

சிரிக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கணபதியில் பம்பு கம்பெனியில் கணக்கு எழுதியவள் நான். எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கொடுத்தாலும் கடன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிடுவேன். ரம்ஷா என் போனில் கணக்குத் திறந்து கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு ரூபாய்க்கும் வாங்கியதில்லை, வேடிக்கை மட்டும் பார்த்து வருகிறேன். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடமும் போன வருஷமே கேட்டேன். செய்கிற தொழில் ஹலாலாக இருக்கவேண்டும், வட்டிக் கடன் தலைக்கு மேல் போகக் கூடாது, லாபத்துக்கு நிற்பது போல நஷ்டத்துக்கும் நிற்கவேண்டும், அப்படியென்றால் வாங்கலாம் என்றார். ஆகவே பாங்கு வேண்டாம், சாராயம் வேண்டாம், சிகரெட் வேண்டாம். ரொம்பவும் மலிந்து கிடப்பது பாங்குப் பங்குகள்தான். ஆசை காட்டத்தான் செய்கிறது, இருந்தாலும் வேண்டாம். ஒரு பம்பு கம்பெனி, ஒரு மருந்து கம்பெனி, ஒரு சோப்பு கம்பெனி, இந்த மூன்றைத்தான் பார்த்து வைத்திருக்கிறேன்.

ரம்ஷாவின் காலேஜுக்கு வேண்டியதைத் தொடமாட்டேன். மிச்சத்தை ஐந்தாறு வருஷத்துக்கு மறந்துவிடலாம் என்று புத்தி சொல்கிறது. இன்னும் பாதியாகச் சரிந்தால் என்ன செய்வாய் என்று பயம் கேட்கிறது. வாங்குகிற இடத்தில் விரலை வைத்து வைத்து எடுத்துவிடுகிறேன். பணம் என்னுடையதுதான், ஆனால் அந்த வீட்டுக் கனவு நம்முடையது. உங்களைக் கேட்காமல் மனசு ஒப்பவில்லை. சரி என்றோ வேண்டாம் என்றோ எழுதி அன்புமணியிடம் கொடுங்கள். போனில் உளறிவிடாதீர்கள். மாமிக்குத் தெரிந்தால் பரவாயில்லை, கொழுந்தனாருக்குத் தெரிந்தால் தகரத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் தெரிந்துவிடும்.

திருமலைசாமி அண்ணன் குடும்பத்துக்கு என் ஸலாம். உங்களுக்கு அவர்கள் சோறு போடுவதை ஒவ்வொரு தொழுகையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

சித்திகா


திருமலைசாமி தோட்டம், கோபிசெட்டிபாளையம்
7 ஏப்ரல்

சித்திகாவுக்கு,

உன் கடிதத்தை அன்புமணி வாழைச் சருகில் சுற்றிக்கொண்டு வந்தான். கொடுக்கும்போது ஒரு சிரிப்பு வேறு. "ஏனுங் பாய், ஊட்டுல இருந்து லவ் லெட்டருங்களா?" என்றான். பிரித்துப் பார்த்தால் சோப்பு கம்பெனி, பம்பு கம்பெனி. இந்த வயசில் எனக்கு வாய்த்த லவ் லெட்டர் இதுதான்.

நான் நன்றாக இருக்கிறேன். மஞ்சள் மூட்டை பிடிக்கிற பருவம், ஒரு லோடு சாக்கை இறக்கிப் போட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிடலாம் என்று வந்தவன், ஊரடங்கில் மாட்டிக்கொண்டேன். ஈரோட்டு மஞ்சள் மார்க்கெட்டைப் பூட்டிவிட்டார்கள். மார்க்கெட் இல்லாதபோது யாருக்கு மூட்டை பிடிக்க அவசரம்? குடோனில் போன வருஷத்து மஞ்சளே கூரை வரைக்கும் நிற்கிறது. என் சாக்குக் கட்டுகள் வெளியே களத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றும் விற்கவில்லை.

இன்னொன்றை உன்னிடம் சொல்லவில்லை. நம் ஆட்களால்தான் நோய் பரவுகிறது என்று மாத ஆரம்பத்தில் டிவியில் வந்ததைப் பார்த்துவிட்டு ஊரில் நாலு பேர் என் தாடியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பாயை இங்கே வைத்திருந்தால் நோய் வரும் என்று தோட்டத்து வாசலுக்கே வந்துவிட்டார்கள். திருமலைசாமி அண்ணன் வெளியே வந்து, "அவரு எங்கூட்டுக்கு வந்தவருங்க. பேசறவங்க எங்கிட்டப் பேசுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை அவர் மனைவி ராமாத்தாள் அக்கா எனக்கும் அண்ணனுக்கும் ஒரே வரிசையில் இலை போட்டுப் பரிமாறினார். நான் யாரிடம் எப்படி நன்றி சொல்வேன்? தண்ணீர் குடிப்பது போலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உன் விஷயம். வேண்டாம்.

ஷேர் என்பது சூதாட்டம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஹஸ்ரத் சொன்ன பிறகு நான் யார்? உன் கணக்கிலும் எனக்குச் சந்தேகமில்லை, சாக்குக் கடைக் கணக்கில் நான் விட்ட ஓட்டைகளை எல்லாம் அடைத்தவள் நீ. என் வயிறு எரிவது வேறு இடத்தில். விலை ஏன் சரிந்தது? விற்கிறவன் பயத்தில் விற்கிறான். ஒருவனுக்கு வேலை போயிருக்கும், ஒருவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும். அந்த நேரம் பார்த்து நீ உள்ளே நுழைந்து மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்கப்போகிறாய். இழவு வீட்டில் போய் அண்டா என்ன விலை என்று கேட்பது போல இருக்கிறது எனக்கு.

நீ நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பு நடந்தது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். கலவர வருஷம் டவுன்ஹால் பக்கம் இருந்த அத்தாவின் பாத்திரக் கடை எரிந்தது. மிஞ்சியது நாலு சுவரும் மனையும். அதை ராமுலு என்ற ஜவுளிக்காரர் பாதி விலைக்கு எழுதி வாங்கிக்கொண்டார். பத்திர ஆபீஸிலிருந்து அத்தா நடந்தே வந்தார். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மௌத்தாகும் வரைக்கும் அந்தத் தெருப் பக்கம் அவர் போகவில்லை, நானும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். இன்றைக்கு அந்த இடம் என்ன விலை போகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ராமுலுவும் உன்னைப் போலக் கணக்குப் போட்டுத்தான் வாங்கியிருப்பார். அந்தக் கூட்டத்தில் நீ சேரவேண்டாம்.

பணம் உன்னுடையது. அதில் வாய் திறக்கமாட்டேன் என்றேன். நீ கேட்டதால் திறந்தேன்.

மைதீன் பிச்சை


கோட்டைமேடு
15 ஏப்ரல்

மச்சானுக்கு,

உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும். இழவு வீட்டில் அண்டா விலை கேட்கிறவளா நான்? ஒரு தடவை, இரண்டு தடவை, பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்த வரி வந்து குத்தியது. பெரிய தட்டை நான் கழுவிய சத்தத்தில் உங்கள் தம்பி மனைவி, "ஏனுங்க்கா, மச்சாங்கூடச் சண்டையா?" என்று கேட்டுவிட்டாள்.

வாங்கவில்லை. நீங்கள் வேண்டாம் என்ற பிறகு விரல் போகவில்லை. இதற்குள் அந்தப் பம்பு கம்பெனி பாதி தூரம் ஏறிவிட்டது என்பதையும் சொல்லிவைக்கிறேன், சும்மா உங்கள் மனசு உறுத்தட்டும் என்று.

ஆனால் மச்சான், நீங்கள் எழுதியதை என்னால் சாதாரணமாக ஒதுக்கவும் முடியவில்லை. ராமுலு பாதி விலைக்கு எடுத்தார் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மாமி சொல்லிக் கேட்டதேயில்லை. நேற்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது பேச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். மாமி உரிப்பதை நிறுத்திவிட்டார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

"உன் மாமனாரு எத்தன பேருகிட்ட நடந்தாருன்னு இவனுக்கு என்ன கண்ணு தெரியும்? கரிக்கட்டையா நிக்கற கடைய யாரு வாங்குவா? நம்ம ஆளுகளே வரல. அவுங்கவுங்களுக்கு அவுங்கவுங்க பயம். எல்லாரும் கைய விரிச்சுப்போட்டாங்க. கடைசீல அந்த மனுசந்தான் வந்தாரு. பாதி வெலதான். பாதின்னு அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அந்த எடத்துல கொண்டுபோய்க் காசப் போடறீங்களே, பைத்தியமான்னு அவரு சம்சாரம் எம் முன்னாடியே சண்ட புடிச்சுது. வாங்கியும் ரொம்ப நாளைக்கு அந்தக் கடைய அவரால தொறக்க முடியல. அந்தக் காசுலதான் உன் நாத்தனா கல்யாணம் நடந்துச்சு. மிச்சத்துல உன் புருசன் சாக்கு யாவாரம் ஆரம்பிச்சான். அவரு வரலீன்னா நாங்க என்னத்தத் தின்னுருப்போம்?"

"அப்ப மாமா ஏன் மாமி அப்படி ஒடஞ்சு போனாரு?" என்று கேட்டேன்.

"கடை போனதுக்கு ஒடஞ்சாரு கண்ணு. வாங்குனவரு மேல அவருக்கு ஒரு வார்த்த கெடையாது. பையனுககிட்டப் பேச வெக்கம், பேசாமயே போய்ட்டாரு. இவன் அதப் பாத்துட்டு அந்த மனுசன் மேல கோவத்த வளத்துக்கிட்டான். நான் தொழுதுட்டு கை ஏந்துனா அவரு பேரையும் சேத்துத்தான் இன்னிக்கும் கேக்கறேன்."

இவ்வளவுதான். மாமி மறுபடியும் பூண்டை எடுத்துக்கொண்டார். எனக்குத்தான் கை ஓடவில்லை.

உங்களோடு வாதம் செய்ய இதை எழுதவில்லை. கோபமாகத்தான் மாமியிடம் போனேன், வரும்போது கோபம் இல்லை. உங்களுக்குள் இவ்வளவு பெரிய வலி இருப்பதை என்னிடம் எழுதினீர்களே, அதற்கு நன்றி. நேரில் இருந்திருந்தால் "வேண்டாம்னா வேண்டாம்" என்று துண்டை உதறிக்கொண்டு போயிருப்பீர்கள்.

இன்னும் வாங்காமல் காத்திருக்கிறேன். உங்கள் பதில் வரட்டும்.

சித்திகா


திருமலைசாமி தோட்டம்
19 ஏப்ரல்

சித்திகாவுக்கு,

உன் கடிதத்தை வாழைத் தோப்பில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை. என் சாக்கு வியாபாரத்தின் முதல் ரூபாயே அந்த மனிதர் கொடுத்தது என்றால், இத்தனை வருஷம் நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்? அம்மாவிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாம். நம் வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவோம், வேண்டியதைத் தவிர.

இதோடு நின்றிருந்தால் ஒருவேளை நான் இன்னும் வீம்பு பிடித்திருப்பேன். அதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

சித்திரை பிறந்ததும் கோடை மழை வந்தது. காற்றோடு வந்தது. களத்தில் இருந்த சாக்கு நனைந்துவிட்டது. நனைந்த சாக்கு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், பூசணம் பிடித்த வாடை போகவே போகாது, மஞ்சளுக்கும் ஆகாது, நெல்லுக்கும் ஆகாது. குப்பையில் போட்டுக் கொளுத்தலாம் என்று முடிவு செய்தேன். கொஞ்சம் நஷ்டம்தான், சமாளித்துக்கொள்வேன், நீ கவலைப்படாதே.

அப்போது மாசாணம் என்று ஒருவர் வந்தார். இவர் அப்பன் பாட்டன் எல்லாம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்கு இருந்தவர்கள். இவர் சொந்தமாகத் தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்கி மூட்டை போட்டு லாரி ஏற்றுகிறார். கரிக்கு எந்தச் சாக்கும் ஆகும். மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இடம் பார்த்து வந்துவிட்டானே என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்திருக்கவேண்டும்.

அவர் சொன்னார்: "கோவிச்சுக்காதீங் பாய். எனக்கு இப்போதைக்குச் சாக்கு வேணுங்கறதே இல்லீங்க. சுட்ட கரியே அப்புடியே குமிஞ்சு கெடக்குதுங்க, லாரி எப்ப ஓடுமுன்னு யாருக்குத் தெரியும்? நீங்க கொளுத்தப் போறீங்கன்னு அன்புமணி சொன்னான். லாரி ஓடவே இல்லீன்னா எம் பணமும் போச்சுங்க. எஞ்சம்சாரம் வேண்டாமுன்னுதான் சொன்னா. என்னால முடிஞ்ச வெல இதுதானுங்க."

ரூபாயை அவர் எண்ணி, மறுபடியும் எண்ணி, தயங்கித்தான் நீட்டினார், சித்திகா. நான் பார்த்தேன். சரிந்த நேரத்தில் வாங்க வருகிறவன் சிரித்துக்கொண்டே வருவான் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவனுக்கும் பயம் இருக்கிறது, அவன் வீட்டிலும் சண்டை நடக்கிறது. அந்தப் பணம் என் கையில் விழுந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? விலையைப் பற்றிய நினைப்பே இல்லை. ஒருத்தன் வந்தானே என்று மட்டும்தான் இருந்தது. "நல்லா இருக்கணும் நீங்க" என்று வாயாரச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு சாக்குக் கட்டை வண்டியில் எறிந்தார்.

வாங்கு. ரம்ஷாவின் காலேஜுக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் உன் மனசுக்குச் சரியென்று படுவதைச் செய். ஏறினால் ஏறட்டும், இறங்கினால் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இதை எழுதியே கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்.

அண்டா விலை என்று எழுதியதற்காகத் தட்டு எதையும் உடைத்துவிடவில்லையே?

மைதீன் பிச்சை


கோட்டைமேடு
22 ஏப்ரல்

மச்சானுக்கு,

தட்டு முழுசாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அன்புமணி உடனே போகவில்லை. தகரத்துக்கு அந்தப் பக்கமே நின்றார். "அக்கா, பாய் எல்லாஞ் சொன்னாருங்களா?" என்றார். மழையில் சாக்கு நனைந்ததாம் என்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை. "தானா நனையலீங்க்கா. திருமலைசாமி அய்யன் வேக வெச்ச மஞ்சளக் களத்துல காயப் போட்டிருந்தாருங்க. காத்து அடிச்சு மழ வந்தப்ப மூடறதுக்குத் தார்ப்பாய் பத்தல. மைதீன் பாய் ஓடிப்போயித் தன்னோட சாக்கு மேல கெடந்த தார்ப்பாய உருவி மஞ்சளு மேல போட்டுப்போட்டாருங்க. அத்தன சாக்கும் போச்சு. அய்யனோட இந்த வருச வெள்ளாமையே தப்பிச்சுதுங்க" என்றார்.

கொஞ்சம் நஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோன சரக்கு மொத்தமும் போனது கொஞ்சமா? சாக்குக் கடைக் கணக்கில் ஓட்டையை அடைத்தவள் என்று என்னையே புகழ்ந்துவிட்டு என்னிடமே ஓட்டையை மறைத்தால் எப்படி? ஊரடங்கு முடிந்து கடையைத் திறக்கும்போது சரக்கு எடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நகையைக் கேட்கமாட்டீர்கள், என் பணத்தைக் கேட்கமாட்டீர்கள், கந்துவட்டிக்குப் போகமாட்டீர்கள். கடையை மூடிவிட்டு யாரிடமாவது சம்பளத்துக்குப் போகத் தீர்மானித்திருப்பீர்கள். இல்லை என்று எழுதுங்கள் பார்க்கலாம்.

இருந்தும், அப்படி இருக்கும்போதும், என்னை வாங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்து அழுதேன். ரம்ஷா பார்த்துவிட்டாள். வெங்காயம் என்றேன். பக்கத்தில் வெங்காயமே இல்லை.

நான் முடிவு செய்துவிட்டேன். காலேஜ் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மிச்சத்தில் ஒரு பாதியை அந்தப் பம்பு, மருந்து, சோப்பு மூன்றிலும் நேற்று போட்டேன். பிஸ்மி சொல்லித்தான் விரலை வைத்தேன். சாயங்காலமே கொஞ்சம் இறங்கியது. பார்த்தேன், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு வடித்தேன்.

இன்னொரு பாதிக்கும் ஒரு கம்பெனி பார்த்துவிட்டேன். வட்டிக் கடன் கிடையாது. தொழில் ஹலால். கணக்கு எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதலாளிக்குத் தன் சரக்கைவிடச் சோறு போட்டவரின் மஞ்சள் பெரிதாகத் தெரிகிறது. இப்படிப்பட்ட நிர்வாகம் எந்த ஆண்டறிக்கையில் கிடைக்கும்? உங்கள் கடையில் எனக்குப் பாதிப் பங்கு கொடுங்கள்.

இது கடன் இல்லை, உதவி இல்லை, நீங்கள் திருப்பித் தரவேண்டியதும் இல்லை. லாபம் வந்தால் எனக்கும் வரும், நஷ்டம் வந்தால் எனக்கும்தான். கடைக்கு வந்து கணக்குப் பார்ப்பேன். எந்த ஆலையில் சாக்கு எடுப்பது என்பதில் என்னையும் கேட்கவேண்டும். விலை ஜனவரியில் கடைக்கு என்ன மதிப்போ அந்த விலை. சரிந்த விலைக்குக் கேட்டால் அப்புறம் இருபது வருஷத்துக்கு என்னைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள், அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

மாமியிடம் சொல்லிவிட்டேன். "நல்லதுக்குத்தான் கண்ணு கேக்கற" என்றார். அப்புறம், "எழுதி வாங்கிக்க, வாய்ப்பேச்சு வேண்டாம்" என்றார். உங்கள் அம்மாதான்.

சனிக்கிழமை நோன்பு ஆரம்பம் என்கிறார்கள். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்ப அங்கே யார் இருக்கிறார்கள் உங்களுக்கு?

சித்திகா


திருமலைசாமி தோட்டம்
29 ஏப்ரல்

சித்திகாவுக்கு,

ஸஹருக்கு ராமாத்தாள் அக்கா எழுப்புகிறார். என்னிடம் கேட்டுக் கேட்டு நோன்புக் கஞ்சி வைக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார். முதல் நாள் பூண்டே கஞ்சியாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். அண்ணனும் எனக்குத் துணையாக உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "நல்லாத்தானுங் பாய் இருக்குது" என்று கண்ணில் நீர் வழியச் சொன்னார். காரமா, பாசமா தெரியவில்லை. கோவைக்குப் போகப் பாஸுக்கு அவரே தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த வாரத்தில் கிடைத்துவிடும் என்கிறார்கள்.

அன்புமணிக்கு வாய் நீளம். தார்ப்பாய் விஷயத்தை நான் சொல்லாததற்குக் காரணம் பெருமை இல்லை. என்னைத் தோட்டத்து வாசலில் விரட்ட வந்தபோது அந்த மனிதர் குறுக்கே நின்றார். மழை வந்தபோது என் கையில் இருந்தது தார்ப்பாய். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

சம்பளத்துக்குப் போகலாம் என்று இருந்தேன் என்பது உண்மைதான். கிருஷ்ணாபுரம் ரைஹான் மண்டியில் வேலை கேட்கலாம் என்று நினைத்து வைத்திருந்தேன். எப்படியம்மா கண்டுபிடிக்கிறாய்?

உன் பங்கு விஷயத்துக்குச் சம்மதம். ஆனால் உன் விலைக்குத் தரமாட்டேன்.

ஜனவரியில் கடையில் இருந்த சரக்கு இப்போது கரி மூட்டையாக மாசாணம் வீட்டில் அடுக்கியிருக்கிறது. இல்லாத சாக்குக்கு நீ எதற்கு விலை கொடுக்கவேண்டும்? இன்றைக்குக் கடை என்ன பெறுமோ அந்த விலைக்கு எடு. மிஞ்சியிருப்பது குடோன் அட்வான்ஸ், தராசு, தையல் மெஷின், நாலு இடத்தில் வரவேண்டிய பாக்கி, என் பெயர். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். இன்றைய விலைக்கு உன் பணத்தைப் போட்டால் உனக்குப் பாதிப் பங்கு வராது. நான்கில் மூன்று வருகிறது. எனக்கு ஒன்று.

கோபித்துக்கொள்ளாதே, நான் வீம்பில் எழுதவில்லை. மூன்று தடவை கணக்குப் போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜனவரி விலை கொடுத்தால் அதில் ஒரு பகுதி எனக்கு நீ போடும் பிச்சை, பெயரில் பிச்சை இருப்பதே எனக்குப் போதும். சரிந்த விலைக்கு விற்றவன் காலமெல்லாம் அழுதுகொண்டிருப்பான் என்று நான்தான் உனக்கு எழுதினேன். இப்போது நானே விற்கிறேன், சித்திகா. அழவில்லை. மழையில் எல்லாம் போய் நின்றபோது, இந்தக் கடைக்கும் ஒரு விலை உண்டு என்று சொல்லி ஒருத்தி வந்தாள். அவள் என் பெண்டாட்டியாகவும் இருக்கிறாள். அல்லாஹ் எனக்கு இதற்கு மேல் என்ன செய்யவேண்டும்?

அம்மா சொன்னபடி பத்திரத்தாளில் எழுதிக்கொள்ளலாம். முக்கால் பங்கு சித்திகா, கால் பங்கு மைதீன் பிச்சை. போர்டில் உன் பெயர்தான் முதலில் வரவேண்டும். தம்பி கேட்டால் கேட்கட்டும், இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டே சொல்லலாம்.

பாஸ் கைக்கு வந்ததும் அன்புமணி வண்டியிலேயே வந்துவிடுகிறேன். இனி எதற்கும் நீ என்னிடம் வாங்கட்டுமா என்று கேட்கவேண்டியதில்லை. கேட்கவேண்டியவன் நான். முதலாளியம்மா, நோன்பு முடியும் வரைக்கும் கடையைச் சாயங்காலம் சீக்கிரம் சாத்தலாமா? கஞ்சிக்கு உன்னோடு உட்காரவேண்டும்.

மைதீன் பிச்சை